டில்லிபாபு நோட்டின் சிவப்பு டிக்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பேய், செய்வினை, திருஷ்டி இந்த மாதிரிப் பேச்செல்லாம் எனக்கு ஆகாது. நம்பிக்கை இல்லை என்பதைவிட எரிச்சல் என்று சொன்னால் சரியாக இருக்கும். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் பதினொரு வருஷம் கம்ப்யூட்டர் பார்த்தவன் நான். பிரிண்டர் ஓடவில்லை என்று யாராவது அதன் மேல் எலுமிச்சம்பழம் வைத்தால், பழத்தை எடுத்து ஜூஸ் போட்டுக் குடித்துவிட்டு ஒயரைச் சரியாகச் செருகிவிட்டு வருவேன். எதற்கும் ஒரு காரணம் இருக்கும், தேடினால் கிடைக்கும், இதுதான் எனக்குத் தெரிந்த வேதம். இந்தக் கதையைச் சொன்னதும் கூட வேலை பார்த்த இரண்டு பேர், "கேஷ் க்ளியர் பண்ணிப் பாத்தீங்களா சரவணன்?" என்று கேட்டார்கள். பார்த்தேன். அதற்கு மேலும் பார்த்தேன். நீங்களும் அதையே கேட்கப் போகிறீர்கள் என்று தெரிந்துதான் எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்கிறேன்.

எங்கள் கம்பெனியில் இரும்பு உதிரி பாகங்கள் கடைகிற மிஷின்கள் பன்னிரண்டு இருந்தன. மிஷினை ஓட்டுகிறவர் ஆபரேட்டர். ஒவ்வொரு பாகத்துக்கும் ஏற்ற மாதிரி அதைச் சரிபண்ணிக் கொடுப்பவர் செட்டர். சட்டைப்பையில் ஒரு சின்ன நோட்டு இல்லாத செட்டரை நீங்கள் பார்க்கவே முடியாது. எந்த வேலைக்கு எந்த மிஷினில் எவ்வளவு ஏற்ற வேண்டும், எவ்வளவு குறைக்க வேண்டும், எந்த மிஷின் மத்தியானத்துக்கு மேல் சூடாகி அளவு மாறும், எல்லாம் அதில் இருக்கும். அதைக் கூடப் பிறந்த தம்பிக்குக்கூடக் காட்ட மாட்டார்கள். அந்த நோட்டு இருக்கிறவரைதான் வேலை நிச்சயம் என்பது அவர்களுக்குத் தெரியும்.

டில்லிபாபு செட்டர். நூம்பல்காரன், என் வயதுதான், நானும் அவனும் ஒரே வாரத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். நான் தர்மபுரியிலிருந்து பையோடு வந்து இறங்கியபோது மேனாம்பேட்டில் எனக்கு வீடு பிடித்துக் கொடுத்தவன் அவன்தான். என் மனைவி தேன்மொழிக்குப் பிரசவ வலி எடுத்த அன்று கொட்டுகிற மழையில் எங்கிருந்தோ ஒரு ஆட்டோவைக் கூட்டிக்கொண்டு வந்தவனும் அவன்தான். இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், நான் யாரை ஏமாற்றினேன் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும்.

மேனேஜர் ரகுநாதன் சார் ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, செட்டர்களின் நோட்டில் இருப்பதையெல்லாம் ஒரு வெப்சைட்டாகப் போட வேண்டும் என்றார். இன்டர்நெட்டில் இல்லை, கம்பெனிக்குள் மட்டும். ஸ்டோர்ஸ் ரூமில் ஒரு பழைய கம்ப்யூட்டரில் நான் அதை ஓட விட்டேன், கம்பெனி வைஃபையில் இருக்கிற போனில்தான் திறக்கும், கேட்டைத் தாண்டினால் திறக்காது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் அது எத்தனை முறை திறக்கப்பட்டது என்று ஒரு எண் வரும். அந்த எண் ஏறுவதைப் பார்ப்பதில் மேனேஜருக்கு ஒரு சந்தோஷம். செட்டர்கள் யாரும் நோட்டைத் தர மாட்டார்கள் என்று நான் சொன்னபோது, "டில்லி குடுத்தா மத்தவங்களும் குடுப்பாங்க. யாரையும் வேலைய விட்டு எடுக்க மாட்டோம், நீங்க தைரியமா வாக்கு குடுங்க சரவணன்" என்றார். நான் அதை அப்படியே நம்பினேன். பதினொரு வருஷம் ஒரு இடத்தில் உட்கார்ந்தவனுக்கு வருகிற முட்டாள்தனம் அது.

ஆயுத பூஜை அன்று மத்தியானத்தோடு மிஷின்களை நிறுத்திவிட்டு, கழுவித் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, பொரி சுண்டல் எல்லாம் ஆனது. அளவுக் கருவிகளோடு செட்டர்கள் தங்கள் நோட்டுகளையும் வரிசையாகப் பூஜையில் வைப்பார்கள், அட்டையில் ஒரு குங்குமப் பொட்டு. மறுநாள் காலை வரை யாரும் அதைத் தொடக் கூடாது, அங்கே எல்லோருக்கும் அது பழக்கம். எல்லோரும் கிளம்பிய பிறகு நாலாம் நம்பர் மிஷின் பக்கத்தில் நானும் டில்லியும் மட்டும் நின்றோம். நான் மறுபடியும் நோட்டைக் கேட்டேன்.

"மச்சான், அது என் சோறுடா" என்றான்.

நான் நாலாம் நம்பர் மிஷின் மேல் கையை வைத்து, "உன் வேலைக்கு நான் பொறுப்பு மச்சான், உன்னை யாரும் தொட மாட்டாங்க" என்றேன். ஈரச் சந்தனம் உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டது.

"சரி, நீ சொல்றேன்னுதான் தரேன். ஆனா இப்ப பூஜைல கீது, நாளைக்கி காலைல எட்த்துக்கோ" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

நான் நாளைக் காலை வரை பொறுக்கவில்லை. திங்கட்கிழமைக்குள் மேனேஜருக்குப் பாதியாவது காட்ட வேண்டும். வரிசையிலிருந்து நோட்டை உருவி, குங்குமத்தைக் கைக்குட்டையில் துடைத்துவிட்டுப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். என்னைப் பொறுத்தவரை அது ஒரு நோட்டு, பூஜை முடிந்துவிட்டது, அவ்வளவுதான்.

மூன்று நாள் விடுமுறையிலும் தேன்மொழி படிக்கப் படிக்க நான் டைப் செய்தேன். அவள் பள்ளிக்கூட டீச்சர், பேப்பர் திருத்துகிற சிவப்புப் பேனாவால் ஒவ்வொரு பக்கம் முடிந்ததும் மூலையில் ஒரு டிக் போடுவாள், வால் நீளமாக இழுத்து. மொத்தம் நூற்றுப் பன்னிரண்டு பக்கம். ஒரு மெல்லிய வளையத்தை மிஷினில் பிடிப்பதைப் பற்றி, "ரொம்ப இறுக்காதே, முட்டை மாதிரி ஆய்டும், வளையலைப் புடிக்கற மாதிரி புடி" என்று எழுதியிருந்தான். அதைப் படித்துவிட்டு அவள் தன் கை வளையலைப் பிடித்துப் பார்த்துச் சிரித்தாள்.

சரியாக நாற்பதாவது நாள் டில்லியை வேலையை விட்டு அனுப்பினார்கள். எல்லாம் சைட்டில் இருக்கிறது, ஆபரேட்டர்களே பார்த்துச் செட் பண்ணிக்கொள்வார்கள், இனி இத்தனை செட்டர் தேவையில்லை என்றார்கள். நான் மேனேஜர் ரூமுக்கு ஓடினேன். அவர் லேப்டாப்பிலிருந்து கண்ணை எடுக்காமல், "அது மேலிடத்து முடிவு சரவணன், உங்க ப்ராஜெக்ட் நல்லா வந்துருக்கு" என்றார். என் வாயை வைத்தே அவனை முடித்துவிட்டு என்னிடமே பாராட்டு. அன்று வந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. ஆனால் அன்று நான் என்ன செய்தேன் தெரியுமா? ஒன்றும் செய்யவில்லை. வீட்டுக்கடன் கண் முன்னால் வந்தது, திரும்பி வந்து என் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டேன். டில்லி ஸ்டோர்ஸைக் கடந்து போகும்போது நின்றான். "மூணு நாள் முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லிருக்கலாமே மச்சான்" என்றான். எனக்குமே தெரியாது என்று சொன்னேன். அவன் நம்பவில்லை. நோட்டைத் திருப்பிக் கொடுக்கலாம் என்றால், அது கம்பெனி சொத்து என்று மேனேஜர் சொல்லியிருந்தார். அது எங்கள் வீட்டு பீரோவிலேயே கிடந்தது.

அதற்கு இரண்டு வாரம் கழித்து நாலாம் நம்பர் ஆபரேட்டர் வந்து, "சார், நேத்து வந்த பக்கம் இன்னிக்கு வரல" என்றார்.

சாதாரண வேலை என்றுதான் ஆரம்பித்தேன். போனில் தேங்கியிருக்கும் பழைய பதிவை, அதாவது கேஷை, அழித்தேன், வேறு போனில் பார்த்தேன், கம்ப்யூட்டரை நிறுத்தி ஓட விட்டேன். பிறகு உள்ளே இறங்கி டேட்டாபேஸையே திறந்து பார்த்தேன். நூற்றுப் பன்னிரண்டு இருக்க வேண்டிய இடத்தில் நூற்றெட்டு. இங்கே கொஞ்சம் கவனியுங்கள். ஒரு பக்கத்தை யாராவது அழித்தால் அதன் வரிசை எண் காலியாக நிற்கும், பல் விழுந்த இடம் மாதிரி. யார் அழித்தார், எப்போது என்று லாக்கிலும் பதிவாகும். இங்கே ஒரு இடைவெளி இல்லை, லாக்கிலும் ஒரு வரி இல்லை. ஒன்றிலிருந்து நூற்றெட்டு வரை வரிசையாக இருந்தது, அந்த நான்கு பக்கங்களையும் யாரும் எப்போதும் டைப் செய்யவே இல்லை என்பது போல. மறுநாள் தொண்ணூற்றொன்பது. அதற்கடுத்த வாரம் எழுபது. காணாமல் போனதெல்லாம் டில்லியின் பக்கங்கள்தான். அந்தச் சைட்டில் வேறு யாருடைய பக்கமும் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும், அவனுக்கு நடந்ததைப் பார்த்தபின் வேறு எந்தச் செட்டரும் நோட்டைத் தரவில்லை.

மேனேஜர் கத்தினார். யார் செய்திருப்பார் என்று கேட்டார். இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் மறைத்தால் மற்றதையும் நம்ப மாட்டீர்கள். "டில்லியாத்தான் இருக்கும் சார்" என்றேன். எனக்குள் அவன் மேல் ஒரு கோபம் ஏறியிருந்தது. நான் வேண்டுமென்றா செய்தேன், என் உழைப்பில் கை வைக்கிறானே என்று. மேனேஜர் அதைப் பிடித்துக்கொண்டார். இரண்டு நாளில் ஒரு கடிதம் தயாராகி என் மேஜைக்கு வந்தது. முன்னாள் ஊழியர் டில்லிபாபு கம்பெனியின் தகவல்களை அழித்துவிட்டதை நான் பரிசோதித்து உறுதி செய்கிறேன் என்று இருந்தது. ஒரு பிரதி போலீஸுக்கு, இன்னொன்று வானகரம் பக்கத்தில் அவன் புதிதாகச் சேர்ந்திருந்த கம்பெனிக்கு. அங்கே அவன் இன்னும் நிரந்தரமாகவில்லை. அந்தக் கடிதம் போனால் அந்த வேலையும் போகும், எஸ்டேட்டில் வேறு எந்த வாசலும் அவனுக்குத் திறக்காது. வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்து வேண்டும் என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை நூம்பலுக்குப் போனேன். டில்லி வாசலில் வண்டி கழுவிக்கொண்டிருந்தான், என்னைப் பார்த்தும் கையை நிறுத்தவில்லை.

"பேஜெல்லாம் எப்படிடா எடுத்த?" என்றேன்.

"இன்னா பேஜு?"

விவரத்தைச் சொன்னேன். அவன் குழாயை மூடிவிட்டு நிமிர்ந்தான். "கம்பெனி கேட்டாண்ட போயே ஒரு மாசம் ஆவுது. ஊட்ல குந்திகினு நான் இன்னாத்த அழிக்கறது? நீதானே சொன்ன, கேட்டைத் தாண்டுனா தொறக்காதுன்னு."

அது உண்மைதான், எனக்கே தெரிந்ததுதான். அங்கே நின்றபோதுதான் எனக்கு உறைத்தது.

"என் சோத்தைப் புடுங்கினு போன, இப்ப திருடன்னும் சொல்ல வந்துட்டியா?" சத்தமே போடாமல் கேட்டான். "அந்த நோட்டை மட்டும் கொண்டாந்து குட்த்துடு. வேற ஒண்ணியும் வேணாம்."

வீட்டுக்கு வந்ததும் பீரோவைத் திறந்தேன். அதில் நோட்டும் இருந்தது, நான் வாரா வாரம் எடுத்து வைத்த பேக்கப் டிஸ்க்கும் இருந்தது. டிஸ்க்கில் இருந்ததை என் சொந்த லேப்டாப்பில் ஏற்றி, நெட்டைத் துண்டித்துவிட்டு அந்தச் சைட்டை ஓட்டினேன். முதல் வாரத்துப் பேக்கப், நூற்றுப் பன்னிரண்டும் இருந்தபோது நானே எடுத்தது. பக்கங்களை எண்ணினேன். அறுபத்தொன்று. பூட்டிய பீரோவுக்குள், எந்த ஒயரும் இல்லாமல் கிடந்த டிஸ்க்கில்.

தேன்மொழி நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தாள். திடீரென்று நிறுத்தினாள்.

"ஏங்க, இதுல நான் டிக் போட்டனே" என்றாள்.

பாதிப் பக்கங்களில் டிக் இல்லை. அழித்த தடம் இல்லை, பேனா அழுத்திய பள்ளம்கூட இல்லை. அவள் ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள். நான் உட்கார்ந்து ஒப்பிட்டேன். சைட்டில் இருக்கிற பக்கத்துக்கெல்லாம் நோட்டில் டிக் இருந்தது. சைட்டில் இல்லாததற்கு டிக் இல்லை. அறுபத்தொன்றுக்கு அறுபத்தொன்று. தேன்மொழி எழுந்து போய்ச் சாமி விளக்கை ஏற்றினாள், நான் அவளைத் திட்டினேன். பயத்தில்தான் திட்டினேன் என்று அவளுக்கும் தெரியும்.

திங்கட்கிழமை நோட்டை எடுத்துக்கொண்டு கம்பெனிக்குப் போனேன். மத்தியானம் சாப்பாட்டு நேரம், மிஷின்கள் எல்லாம் நின்றிருந்தன, ஸ்டோர்ஸில் நான் மட்டும். நல்ல வெயில், கதவு திறந்திருந்தது, கேன்டீனில் தட்டு கழுவுகிற சத்தம் கேட்டது. பயப்படுவதற்கு அங்கே ஒன்றுமே இல்லை. அந்த வளையல் பக்கத்தைத் திரையில் திறந்தேன், இருந்தது. நோட்டிலும் அதே பக்கத்தை விரித்தேன், நீள வாலோடு டிக் இருந்தது. அதன் மேல் என் கட்டை விரலை அழுத்தி வைத்துக்கொண்டேன். இன்னொரு கையால் திரையைப் புதுப்பித்தேன், இருந்தது. மறுபடியும், இருந்தது. ஏழெட்டு முறை செய்திருப்பேன், எனக்கே சிரிப்பு வந்தது, இன்னும் ஒரே ஒரு தடவை என்று தட்டினேன். இந்தப் பக்கம் இல்லை என்று வந்தது.

விரலை எடுத்தேன். வெறும் காகிதம்.

அழுத்தி வைத்த விரல் என்னுடையது. இடையில் எடுக்கவே இல்லை. விரலில் மை ஒட்டியிருக்கிறதா என்று பார்த்தேன், இல்லை. அதற்குப் பதிலாக உள்ளங்கை ஈரமாக இருந்தது, முகர்ந்தால் சந்தன வாசனை. வியர்வையாக இருக்கலாம், மனப்பிரமையாகக்கூட இருக்கலாம், நீங்கள் எப்படி வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள். நான் அன்றைக்குச் சாப்பிடவில்லை.

வெள்ளிக்கிழமை அந்தக் கடிதத்தில் கையெழுத்துப் போடவில்லை. வேறொரு கடிதம் எழுதினேன். பராமரிப்பு வேலையின்போது என் கவனக்குறைவால் தகவல்களும் பேக்கப்பும் அழிந்துவிட்டன, வேறு யாருக்கும் இதில் சம்பந்தமில்லை. மேனேஜர் இரண்டு முறை படித்தார். "உங்கள எவ்வளவு நம்புனேன் சரவணன்" என்றார். அந்த வார்த்தையை அவர் சொன்னார், என்னிடம். பத்து நிமிஷத்தில் என் அடையாள அட்டையை வாங்கிக்கொண்டார்கள். பதினொரு வருஷம், பத்து நிமிஷம்.

கேட்டிலிருந்து நேராக நூம்பல் போனேன். நோட்டைக் கொடுத்தேன். அதற்குள் ஒரு பக்கத்தில்கூட டிக் இல்லை, நூற்றுப் பன்னிரண்டும் சுத்தமாக இருந்தன. அட்டையில் மட்டும் நான் துடைத்த குங்குமப் பொட்டு முழுதாக இருந்தது. அன்று சரியாகத் துடைக்காமல் விட்டேனோ என்னவோ.

டில்லி நின்றபடியே புரட்டினான். சிவப்பு டிக் பற்றி அவனிடம் நான்தான் முன்பு சொல்லியிருந்தேன், டைப் பண்ணி முடித்த பக்கத்துக்குத் தேன்மொழி டிக் போடுகிறாள் என்று. கடைசிப் பக்கம் வரை பார்த்துவிட்டு என்னைப் பார்த்தான்.

"ஒரு பக்கம்கூட நீ டைப் பண்ணலியா மச்சான்? பேஜு காணோம்னு சொன்னதும் பொய்யா?"

நோட்டைப் பட்டென்று மூடினான்.

"அப்ப இன்னாத்துக்குடா என்னைத் தூக்குனாங்க?"

நடந்ததைச் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். என்ன சொல்வது? சைட் தானாக அழிந்தது, டிக்கும் தானாக அழிந்தது, நான் உனக்காக வேலையை விட்டுவிட்டு வந்திருக்கிறேன் என்றா? ஏற்கெனவே ஒருமுறை என்னை நம்பியவன் அவன். நோட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினான். அதற்குப் பிறகு நாங்கள் பேசியதில்லை. வானகரத்தில் அவன் வேலை நிரந்தரமாகிவிட்டது என்று கேள்விப்பட்டேன், அந்த மட்டும் நிம்மதி.

இப்போது நான் வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கிறேன். கதை இதோடு முடிந்திருந்தால் எனக்கும் நல்லதாக இருந்திருக்கும். லேப்டாப்பில் ஏற்றிய அந்தச் சைட்டை அழித்துவிடலாம் என்று ஒருநாள் திறந்தேன். காலியாக இருக்கும் என்றுதான் நினைத்தேன். ஒரே ஒரு பக்கம் இருந்தது. தலைப்பு, நாலாம் நம்பர் மிஷின். அதில் ஒரே ஒரு வரி.

"உன் வேலைக்கு நான் பொறுப்பு மச்சான், உன்னை யாரும் தொட மாட்டாங்க."

எழுதியவர் சரவணன் என்று இருந்தது. நான் அதை எழுதவில்லை. அன்று அந்த மிஷின் பக்கத்தில் எங்கள் இரண்டு பேரைத் தவிர யாரும் இல்லை, டில்லிக்கு என் பாஸ்வேர்டும் தெரியாது, என் லேப்டாப்பை அவன் தொட்டதும் இல்லை. அழித்தேன். அடுத்த நாள் இருந்தது. சைட்டையே மொத்தமாக நீக்கினேன், பேக்கப் டிஸ்க்கைச் செருகிப் பார்த்தால் அதிலும் அந்த ஒரு பக்கம்தான். டிஸ்க்கைத் தூக்கிப் போடச் சொன்னாள் தேன்மொழி. என்னால் முடியவில்லை. பீரோவிலேயே வைத்திருக்கிறேன்.

அந்தப் பக்கத்தின் அடியிலும் அந்த எண் வருகிறது, எத்தனை முறை திறக்கப்பட்டது என்று. நான் மொத்தம் ஒன்பது முறைதான் திறந்திருக்கிறேன், ஒவ்வொன்றையும் காலண்டரில் குறித்து வைத்திருக்கிறேன். டிஸ்க் பூட்டின பீரோவில் இருக்கிறது, சாவி என் அரைஞாணில் இருக்கிறது. போன வாரம் ஒன்பதாவது முறையாகத் திறந்தபோது அந்த எண் நானூற்று எண்பத்தாறு.